இலை பொறுக்குற டிபார்ட்மென்ட்

எங்கள் வீடு ஆக்லாந்தில் பிளாட் புஷ் என்ற பகுதியில் இருக்கிறது. வீடு வாங்கிய விஷயத்தை ஊருக்கு போன் போட்டுச் சொன்னபோது அம்மா முதலில் கேட்டது, "புஷ்ஷுன்னா அந்த அமெரிக்கா பிரசிடெண்டா?" இல்லைம்மா, இந்த நாட்டில் புஷ் என்றால் காடு என்றேன். "அப்ப காட்டுக்குள்ளயா வீடு வாங்கியிருக்க?" என்று அடுத்த கவலை ஆரம்பித்துவிட்டது.

அம்மா கவலைப்படும் அளவுக்கு இங்கே காடு மிச்சமில்லை. இருபது இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இதெல்லாம் மாடு மேய்ந்த நிலம். இப்போது வரிசை வரிசையாகப் புது வீடுகள், ஆர்மிஸ்டன் டவுன் சென்டர், பள்ளிக்கூடங்கள், நடுவில் 94 ஹெக்டேரில் பேரி கர்டிஸ் பார்க். ஊர்ப் பெயரில் இருக்கிற 'புஷ்' எங்கே என்று தேடினால், மர்ஃபீஸ் ரோடு பக்கம் மர்ஃபீஸ் புஷ் என்று ஒரு துண்டுக் காடு இருக்கிறது. சனிக்கிழமை காலையில் மகளை நீச்சல் வகுப்பில் இருந்து கூட்டிக்கொண்டு வரும்போது அங்கே ஒரு சுற்று நடந்துவிட்டு வருவது எங்கள் வழக்கம்.

மகளுக்கு ஒன்பது வயது. அங்கே போனால் நான் மாணவன், அவள்தான் டீச்சர். "அப்பா, இது கஹிகாட்டியா. நியூசிலாந்துலயே உயரமான மரம். இது பூரிரி. இது டராயிரி. இதோட பழம் பெருசு, கெரெரு புறாதான் முழுங்கி வேற இடத்துல விதையைப் போடும்." எல்லாம் பள்ளியில் சொல்லிக்கொடுத்தது, மாவோரிப் பெயர்களோடு. கஹிகாட்டியா மரத்துக்கு வாசனை கிடையாது, அதனால் ஒரு காலத்தில் அதை வெட்டி வெண்ணெய் ஏற்றுமதி செய்யப் பெட்டி செய்தார்கள் என்பதும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெண்ணெய்க்கு மாடு வேண்டும், மாட்டுக்குப் புல் வேண்டும், புல்லுக்காகவும் காட்டை அழிக்க வேண்டும். காட்டை அழித்து வந்த வெண்ணெயை, அழித்த மரத்திலேயே பெட்டி செய்து கப்பலேற்றியிருக்கிறார்கள்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை அவள் திடீரென்று கேட்டாள்: "அப்பா, உங்க ஊர் காட்டுல என்ன மரம் இருக்கு?"

நான் பண்ருட்டிப் பக்கத்துக்காரன். "பலா, முந்திரி" என்றேன். "அது தோப்பு. நான் காட்டைக் கேக்குறேன்." வேப்பமரம், புளியமரம், அரசமரம் என்று சொல்லிப் பார்த்தேன். "அது ரோட்டுல இருக்கிறது." அதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை. முந்திரி பிரேசிலில் இருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்தது என்று மட்டும் தெரியும். அதைச் சொன்னால் நிலைமை இன்னும் மோசமாகும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒருவன் ஞாபகம். என் ஹாஸ்டல் ரூம்மேட்.

காலாப்பட்டு

2010-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் எம்.சி.ஏ. சேர்ந்தேன். புதுச்சேரியில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் காலாப்பட்டு. சாலைக்கு ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் வளாகம். 1985-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. ஆரம்ப காலத்திலேயே சூழலியலுக்கென்று ஒரு தனிப் புலம் அமைத்து, பறவையியலாளர் சலீம் அலியின் பெயரை வைத்தார்கள். நான் படித்த மூன்று வருஷமும் அந்தப் போர்டைப் பார்த்துக்கொண்டேதான் போனேன். ஒரு நாளும் உள்ளே போனதில்லை.

எங்களுக்கு அது 'இலை பொறுக்குற டிபார்ட்மென்ட்'. நாங்கள் வைத்த பெயர்தான். ரூம்மேட் அங்கே எம்.எஸ்சி. இகாலஜி. விடிவதற்கு முன்னால் எழுந்து, தோளில் பையோடு பைனாகுலரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். மாலையில் சட்டையெல்லாம் நாயுருவி ஒட்டிக்கொண்டு திரும்பி வருவான். பழைய தினசரித் தாளுக்குள் இலைகளை வைத்து மெத்தைக்கு அடியில் அழுத்தி வைப்பான். என் மெத்தைக்கு அடியிலும்தான். "இதைப் படிச்சு என்னடா வேலை கிடைக்கும்?" என்று நாங்கள் கேட்காத நாள் இல்லை. கேம்பஸ் இன்டர்வியூ வந்தபோது டை கட்டிக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். அவன் அன்றைக்கும் எங்கேயோ எறும்பு பார்க்கப் போயிருந்தான்.

2011 டிசம்பர் 30 அதிகாலை 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையைக் கடந்தது. ஹாஸ்டல் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றதெல்லாம் இன்றைக்கும் கனவில் வரும். விடிந்து பார்த்தால் வளாகத்துச் சாலை எதுவென்றே தெரியவில்லை, அவ்வளவு மரம் சாய்ந்து கிடந்தது. ஊருக்குப் போன் போகவில்லை. மூன்றாம் நாள் பாதி பஸ், பாதி நடை என்று ஊர் போய்ச் சேர்ந்தேன். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்ததை அப்போது டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஆயாவின் ஐந்து பலா மரங்களில் நான்கு போய்விட்டது. ஆயா ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் வைத்திருந்தாள். கேணி மேட்டு மரம், தேன் மரம், ஊமை மரம் என்று. விழுந்து கிடந்த மரத்தைத் தடவித் தடவி அந்தப் பெயரைச் சொல்லி அழுதாள்.

ஒரு வாரம் கழித்து ஹாஸ்டலுக்குத் திரும்பினால், ரூம்மேட் நோட்டும் டேப்புமாகக் கிளம்பிக்கொண்டிருந்தான். எங்கே என்றேன். "விழுந்த மரத்தை எண்ணப் போறேன்." எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. "விழுந்ததை எண்ணி என்னடா ஆகப்போகுது?" என்று கத்தினேன். அவன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னான்: "எத்தனை இருந்துச்சுன்னு எங்ககிட்ட கணக்கு இருக்குடா. அதனாலதான் எத்தனை போச்சுன்னு தெரியும். கணக்கே இல்லாத இடத்துல எல்லாம் போனாலும் யாருக்கும் தெரியாது."

அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. பதிமூன்று வருஷம் கழித்து மர்ஃபீஸ் புஷ்ஷில் ஒன்பது வயதுப் பெண் கேள்வி கேட்டபோதுதான் உறைத்தது.

மார்பளவு என்றால் எவ்வளவு?

இந்த ஜனவரியில் ஊருக்குப் போனோம். ஆக்லாந்தில் கோடை விடுமுறை, அங்கே பொங்கல். வழக்கமாக எங்கள் ஊர்ப் பயணம் என்பது சென்னையில் துணிக்கடை, நகைக்கடை, நாலு கோயில், எட்டு வீட்டு விருந்து. இந்த முறை காலாப்பட்டுக்கு ஒரு நாள் ஒதுக்கினேன். "அங்க என்ன இருக்கு?" என்றார் மனைவி. "நான் பார்க்காம விட்டது" என்றேன்.

வாசலில் பழைய மாணவன் என்று சொல்லி உள்ளே போனோம். சூழலியல் துறைக்கு முன்னால் தயங்கி நின்றபோது, ஆராய்ச்சி மாணவி ஒருவர் வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "பாப்பாவுக்கு நான் காட்டுறேன் சார்" என்று மகளிடம் ஒரு டேப்பைக் கொடுத்து அருகிலிருந்த மரத்திடம் கூட்டிக்கொண்டு போனார்.

"மரத்தை எங்க வேணா அளக்கக் கூடாது. எல்லாரும் ஒரே உயரத்துல அளக்கணும். மார்பளவு உயரம், அதாவது தரையில இருந்து சுமார் 1.3 மீட்டர்."

மகள் நிமிர்ந்து நின்று பார்த்துவிட்டு, "எனக்கு அது தலை" என்றாள். 

சுற்றளவை அளந்தார்கள், நோட்டில் எழுதினார்கள். காட்டில் ஒரு ஹெக்டேர் சதுரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குள் இருக்கிற மரங்களுக்கெல்லாம் நம்பர் போட்டு, இப்படி அளந்து வைப்பார்களாம். சில வருஷம் கழித்துத் திரும்பப் போய் அதே நம்பரை அதே உயரத்தில் அளப்பார்கள். எது பருத்திருக்கிறது, எது செத்திருக்கிறது, புதிதாக எது முளைத்திருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். மென்பொருள்காரனுக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. நாங்கள் புரோகிராமை மாற்றுவதற்கு முன்னால் பழையதைப் பத்திரமாகச் சேமித்து வைப்போமே, அதே வேலை. என்ன, இங்கே இரண்டு சேமிப்புகளுக்கு நடுவில் பத்து வருஷம்கூட ஆகலாம்.

துறையின் ஆரம்ப காலப் பேராசிரியர்களில் ஒருவர் பிரியா டேவிதார், சலீம் அலியிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தவர் என்றும் அந்த மாணவி சொன்னார். நீலகிரியில் புல்லுருவிக்கும் பூக்கொத்திக் குருவிக்கும் என்ன உறவு என்பதுதான் ஆய்வு. குருவி புல்லுருவிப் பழத்தைத் தின்னும், பிசுபிசுப்பான விதையைக் கிளையில் ஒட்டிவிட்டுப் போகும், அங்கே அடுத்த புல்லுருவி முளைக்கும். மகள் உடனே, "கெரெரு மாதிரி!" என்றாள். அந்த மாணவிக்குக் கெரெரு என்றால் என்னவென்று அவள் விளக்க ஆரம்பித்தாள். நானும் மனைவியும் ஓரமாக நின்றோம்.

பேச்சுவாக்கில் எந்த ஊர் என்று கேட்டார். பண்ருட்டிப் பக்கம் என்றதும், "அப்ப உங்க பக்கத்துலதான் சார் எங்க துறையோட பழைய ஆய்வு" என்றார். பேராசிரியர் என். பார்த்தசாரதியும் அவரது மாணவரும் கடலூர்ப் பக்கம் திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் ஆகிய இரண்டு இடங்களின் காடுகளை ஒரு ஹெக்டேர் வீதம் அளந்து, 1997-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள்.

திருமாணிக்குழி! சம்பந்தர் பாடிய தலம். எங்கள் ஆயா வருஷத்துக்கு ஒரு முறையாவது கூட்டிக்கொண்டு போன கோயில். அந்தப் பக்கத்துக் காட்டில் மரத்துக்கு மரம் கணக்கெடுத்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி எழுதி வைத்திருக்கிறார்கள். நான் மூன்று வருஷம் அந்தக் கட்டிடத்துக்கு வெளியே சிகரெட் வாசனையோடு கிண்டல் அடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஐயனார் வைத்திருந்த காடு

சோழமண்டலக் கரையோரம் இருப்பது உலர் பசுமைமாறாக் காடு என்றார் அந்த மாணவி. விசாகப்பட்டினத்தில் இருந்து ராமநாதபுரம் வரை கடலோரமாகத் துண்டு துண்டாக இருக்கிறது. மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். மிச்ச மாதங்களில் வெயில்தான். ஆனாலும் இந்த மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்பதில்லை. சின்னச் சின்ன, தடித்த, தோல் மாதிரி இலைகள். தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருஷம் முழுக்கப் பச்சையாகவே நிற்கும். இதில் இன்றைக்கு மிச்சம் இருப்பது பெரும்பாலும் கோயில் காடுகள்தான்.

அதில் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார். காலாப்பட்டில் இருந்து மரக்காணம் போகிற வழியில் புத்துப்பட்டு. புதுச்சேரி எல்லையைத் தாண்டி விழுப்புரம் மாவட்டத்துக்குள் போனால் மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில். வெளியே பொங்கல் வைக்கிற கூட்டம், மொட்டை போடுகிற கூட்டம், பொரி விற்கிறவர்கள். நான் படிக்கும்போது இரண்டு முறை வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போன இடம்தான். சுற்றி இருப்பதைக் காடு என்று நினைத்ததே இல்லை, புதர் என்று நினைத்திருந்தேன்.

மகளும் அப்படித்தான். "அப்பா, இதுவா காடு? இவ்ளோ குட்டியா?" கஹிகாட்டியாவை அண்ணாந்து பார்த்துப் பழகிய கண். இங்கே பெரும்பாலான மரங்கள் இரண்டு மாடி உயரத்துக்கு மேல் இல்லை. ஆனால் உள்ளே பத்தடி வைத்ததும் சத்தம் அடங்கிவிட்டது. ஜனவரி மதிய வெயில் வெளியே அடிக்க, உள்ளே தரை ஈரமாகக் குளிர்ந்து கிடந்தது. தொடை தடிமனுக்குக் கொடிகள் மரத்துக்கு மரம் பாய்ந்து போயின. மாணவி எழுதிக்கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு தேடினோம். காயா, இதுதான் திருமாலின் நிறத்துக்கு உவமை சொல்கிற நீலப் பூவின் மரம். வீரை. கருங்காலி. உலக்கைப் பாலை. கொக்கோட்டை. பாட்டிலும் பழமொழியிலும் கேட்ட பெயர்கள் எல்லாம் இலையும் பட்டையுமாக எதிரில் நின்றன.

மகள் ஒரு இலையைப் பறிக்கப் போனாள். பொரி விற்கும் அம்மா ஒருவர் அங்கிருந்தே, "ஐயனார் மரம் பாப்பா, கிள்ளக் கூடாது!" என்று குரல் கொடுத்தார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

ஆக்லாந்துக்கு வடக்கே லீ என்ற கடலோர ஊருக்கு நாங்கள் ஒருமுறை போயிருந்தோம். ஆக்லாந்து பல்கலைக்கழகம் 1962 முதல் அங்கே ஒரு கடல் ஆய்வுக்கூடம் நடத்துகிறது. எதிரில் இருக்கிற கடலில் மீன் பிடிக்கவே கூடாது என்று விஞ்ஞானி பில் பாலன்டைன் வருஷக்கணக்காக வாதாடி, 1975-ல் அது நாட்டின் முதல் கடல் காப்பகம் ஆனது. இன்றைக்கு முழங்கால் தண்ணீரில் நின்றால் பெரிய பெரிய மீன்கள் காலடிக்கு வரும். அங்கே சட்டம் போட்டுக் காப்பாற்றியதை இங்கே ஐயனார் பேரைச் சொல்லியே காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் ஐயனார் பேருக்கும் ஒரு எல்லை உண்டு என்று தோன்றியது. காட்டின் ஓரத்தில் பிளாஸ்டிக் தட்டும் டம்ளரும் குவிந்து கிடந்தன. இலையைக் கிள்ளப் பயப்படுகிற நாம் தட்டை வீசப் பயப்படுவதில்லை. நானும் அந்தக் காலத்தில் வீசிவிட்டுப் போனவன்தான்.

இரண்டு பத்தி நோட்டு

ஊருக்குப் போனோம். ஆயா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. மிச்சமிருந்த ஒரு பலா மரம், ஊமை மரம், இன்னும் நிற்கிறது. மகள் அதையும் 1.3 மீட்டரில் அளந்து எழுதிக்கொண்டாள். மறுநாள் திருமாணிக்குழிக் கோயிலுக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் ஒரு புதர் ஓரமாகக் காரை நிறுத்தினேன்.

அங்கே ஒரு செடி. இடுப்பளவு உயரம். வெளிர் ரோஜா நிறத்தில், உள்ளே விதை தெரிகிற மாதிரி சின்னச் சின்னப் பழம். எனக்கு உடம்பே சிலிர்த்தது. கோயிலுக்குப் போய் வரும்போது ஆயா இதைத்தான் முந்தானையில் பறித்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எங்கள் வாயில் போடுவாள். லேசான இனிப்பு, லேசான காரம். அதே ருசி. மகளுக்கும் கொடுத்தேன். "பேர் என்னப்பா?"

வாய் வரைக்கும் வந்தது, வரவில்லை. ஆயா ஒரு பேர் சொல்வாள். அம்மாவைக் கேட்டேன், அம்மாவுக்கும் மறந்துவிட்டது. பெரியம்மாவைக் கேட்டேன். "அது ஏதோ சொல்லும்டா உங்க ஆயா" என்றார். போட்டோ எடுத்து அந்த ஆராய்ச்சி மாணவிக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில்: கிளைகோஸ்மிஸ், நாரத்தை எலுமிச்சைக் குடும்பம். புத்தகங்களில் இருக்கிற தமிழ்ப் பெயரும் சொன்னார். ஆனால் ஆயா சொன்னது அது இல்லை.

பிளாட் புஷ் திரும்பியபின் மகள் ஒரு நோட்டு போட்டிருக்கிறாள். இடது பக்கம் மர்ஃபீஸ் புஷ், வலது பக்கம் 'அப்பா ஊர் காடு'. எங்கள் தெருவில் முல்லைத்தீவுக்காரர் ஒருவர் இருக்கிறார், அறுபது வயது. மகள் நோட்டைக் காட்டியதும் அவருக்குக் கண்ணெல்லாம் விரிந்துவிட்டது. "வீரையும் பாலையும் எங்கட வன்னிக் காட்டிலயும் நிக்குது பிள்ளை! பாலைப்பழம் தெரியுமோ? ஒருக்கா சாப்பிட்டா வாய் ஒட்டும்" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசினார். அவருடைய பிள்ளைகள் இங்கேயே வளர்ந்தவர்கள். அப்பா இதையெல்லாம் பேசி அவர்களும் அன்றைக்குத்தான் கேட்டார்கள். கடலுக்கு இரு கரையிலும் ஒரே மரங்கள், அவற்றில் பலவற்றுக்கு ஒரே பெயர்.

பிள்ளை இகாலஜி படிக்கப் போகிறேன் என்று நாளைக்குச் சொன்னால் என்ன செய்வாய் என்று மனைவி கேட்கிறார். வேலை கிடைக்குமா என்ற கேள்வி முதலில் என் வாயில்தான் வரும், அதில் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டுவிட்டு அவள் பதிலை உட்கார்ந்து கேட்பேன். ரூம்மேட்டையும் தேடிப் பிடித்துப் பேசினேன். இன்னமும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறான், வேறொரு மலையில். "என் மெத்தைக்கு அடியில வச்ச இலை எல்லாம் என்னடா ஆச்சு?" என்றேன். "ஒட்டி, பேர் எழுதி, பத்திரமா இருக்கு" என்றான்.

பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜனவரி, பிப்ரவரி நல்லது, மழை விட்டுப் பச்சையாக இருக்கும். புத்துப்பட்டுக்கு வாரநாள் காலையில் போனால் கூட்டம் இருக்காது. முழுக்கால் உடுப்பும் கொசு மருந்தும் அவசியம். தண்ணீர் பாட்டிலைத் திரும்ப எடுத்து வாருங்கள். நேரம் இருந்தால் அருகே ஆரோவில்லும் போகலாம். 1968-ல் அவர்கள் வந்தபோது மொட்டைச் செம்மண் மேடாக இருந்த இடம் இன்றைக்குக் காடாக நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். நடக்க முடியாவிட்டால் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், இலையை மட்டும் கையில் கொடுத்துக் கேளுங்கள்.

நோட்டில் வலது பக்கம் ஒரு வரியில் இன்னும் பெயர் எழுதவில்லை. லத்தீன் பெயரை எழுதியிருக்கிறாள், பழத்தை ரோஜா நிறத்தில் வரைந்திருக்கிறாள். பக்கத்தில் 'ஆயா சொன்ன பேர்' என்று எழுதிக் கோடு போட்டு விட்டு வைத்திருக்கிறாள். கடலூர், பண்ருட்டிப் பக்கத்துப் பெரியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இடுப்பளவு செடி, உள்ளே விதை தெரிகிற பழம், தின்றால் கடைசியில் லேசாகக் காரம்.